எபிசோட் 37: சுண்டல் ஏன் கடிக்கிறான்?

இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த தடுமாற்றங்களையும், நடுவில் சுண்டல் குரைத்த இடங்களையும் எடுத்துவிட்டேன். மற்றபடி பேச்சு பேச்சாகவே இருக்கிறது.

நாலஞ்சு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு வாரம் எபிசோட் வரலை, ஞாபகம் இருக்கா? 'வீட்ல கொஞ்சம் வேலை'ன்னு ஒரு வரி போட்டுட்டு நழுவிட்டேன். அந்த வேலையோட பேரு சுண்டல். எங்க வீட்டு நாய். அப்போ அவனுக்கு வயசு மூணரை மாசம்.

பள்ளிக்கரணைல நான் ஆபீஸ் கேப் ஏறுற இடத்துக்குப் பக்கத்துல ஒரு கட்டட சைட். அங்க மணல் குவியல்ல நாலு குட்டி இருந்துச்சு. ஒரு மழை ராத்திரிக்கு அப்புறம் பார்த்தா ஒண்ணுதான் இருக்கு, தாயையும் காணோம். தூக்கிட்டு வந்துட்டேன். அஞ்சு வாரக் குட்டின்னு டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னாங்க. இந்த அஞ்சு வாரம்ங்கிற கணக்கை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சம்பவம் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. எங்களுது ரெண்டாவது மாடி ஃபிளாட். அம்மா வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டுக் கோலம் போட குனிஞ்சிருக்காங்க. முந்தானை தரையில புரளுது. சுண்டல் ஓடி வந்து முந்தானையைக் கவ்வி இழுத்தான். அம்மா கையால தள்ளிவிட்டாங்க. அவன் கையைக் கவ்வினான். அம்மா வெடுக்குன்னு கையை இழுத்தாங்க. புறங்கையில நீளமா தோல் கிழிஞ்சு, கோலமாவுல ரத்தம் சொட்டுது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு. கொசு கடிச்சு சொறிஞ்ச இடமே ஆறுறதுக்கு வாரக்கணக்குல ஆகும்.

அம்மா கத்தியிருந்தா கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். கத்தலை. சாயங்காலம் டம்ளரைக் கழுவிக்கிட்டே சொன்னாங்க: "இந்த மாசக் கடைசிக்குள்ள அவனுக்கு வேற இடம் பாருடி. நான் கோபத்துல சொல்லலை."

கோபத்துல சொல்லலைன்னு அம்மா சொன்னா, அது முடிவு.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி அந்தக் காலையில என்ன செஞ்சோம்னு சொல்லிடறேன், ஏன்னா இதுல நிறைய பேர் தப்பு பண்றோம். அம்மா நேரா மஞ்சள் டப்பாவைத்தான் எடுத்தாங்க. கடிச்ச இடத்துல மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம்ங்கிறது ரொம்ப நேரம், போன்ல டைமர் வெச்சுக்கோங்க. அப்புறம் ஆஸ்பத்திரி. "நம்ம வீட்டுக் குட்டிதானே"ன்னு விடவே கூடாது. சுண்டலுக்கு முதல் ரேபிஸ் ஊசி போட்டு ரெண்டு வாரம்கூட ஆகலை. ரேபிஸ் குட்டி நாய் மூலமாவும் வரும், அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். உலக சுகாதார நிறுவனம் கடியை மூணு வகையா பிரிக்குது. நக்கினது, தொட்டது, தோல்ல காயமில்லைன்னா முதல் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், லேசான கவ்வல் ரெண்டாவது வகை, அதுக்கே தடுப்பூசி போடணும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தா மூணாவது வகை. தடுப்பூசியோட, காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் போடணும். அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே போட்டாங்க. அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அம்மா அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ்ல காந்தம் போட்டு ஒட்டி வெச்சாங்க. நான் தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் அது என்னைப் பார்க்கும்.

மறுநாள் சுண்டலைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன். "ரொம்ப ஆக்ரோஷமா இருக்கான் டாக்டர், கடிக்கிறான்"னு சொன்னேன். அவங்க அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "நீங்கல்லாம் அவன்கூட எப்படி விளையாடுறீங்கம்மா?"

நான் பெருமையாத்தான் சொன்னேன். கையை அவன் முகத்துக்கு முன்னாடி ஆட்டுவேன், அவன் பிடிக்க வருவான், கவிழ்த்துப் போட்டு வயித்துல குடைவேன், அவன் கடிப்பான், செம ஜாலியா இருக்கும். "கடிச்சா என்ன பண்ணுவீங்க?" யூடியூப்ல பார்த்தேன் டாக்டர், மூக்குல ஒரு தட்டு தட்டுவேன். ரொம்ப பண்ணினா மல்லாக்கப் படுக்க வெச்சு அமுக்கிப் பிடிப்பேன், நான்தான் தலைவர்னு அவனுக்குப் புரியணும்ல?

அவங்க ஒண்ணும் சொல்லலை. கையை மெதுவா சுண்டல் தலைக்கு மேல கொண்டு போனாங்க, தடவிக் கொடுக்கிற மாதிரி. சுண்டல் தலையைப் பின்னால இழுத்து, கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்தான்.

"பார்த்தீங்களா? கை வந்தா என்ன நடக்கும்னு அவனுக்குத் தெரியலை. பாதி நேரம் கை விளையாட்டுப் பொருள். பாதி நேரம் கை அடிக்க வருது. அவன் என்ன பண்ணுவான், வாயை ரெடியா வெச்சிருக்கான்."

எனக்கு அந்த இடத்துல சுருக்குன்னு இருந்துச்சு. அம்மா கையில இருந்த காயத்துக்கு நான்தான் ட்ரெயினிங் கொடுத்திருக்கேன்.

இந்தத் 'தலைவர்' கதை எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். ருடால்ஃப் ஷெங்கல்னு ஒரு சுவிஸ் ஆராய்ச்சியாளர், பேசல் மிருகக்காட்சி சாலையில இருந்த ஓநாய்களைப் பார்த்து 1947ல ஒரு கட்டுரை எழுதினார். ஓநாய்க் கூட்டத்துல தலைமைக்கு ஓயாத சண்டை நடக்குது, ஜெயிக்கிறதுதான் தலைவர்னு அதுல இருந்து ஒரு கருத்து பரவுச்சு. 1970ல டேவிட் மெக் என்கிற அமெரிக்க விஞ்ஞானி ஓநாய்கள் பற்றி எழுதிய புத்தகம் அதை இன்னும் பெரிசா கொண்டு போச்சு. ஓநாயே அப்படின்னா நாயும் அப்படித்தான்னு ட்ரெயினர்கள் எடுத்துக்கிட்டாங்க. ஆனா ஷெங்கல் பார்த்தது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஓநாய்களை, ஒரு அடைப்புக்குள்ள. மெக் பிற்பாடு கனடாவோட வடக்குக் கோடியில காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கா பக்கத்துல இருந்து பார்த்தார். அங்க கூட்டம்ங்கிறது பெரும்பாலும் ஒரு அம்மா, ஒரு அப்பா, அவங்க பிள்ளைங்க. அவ்வளவுதான். 1999ல அதை ஒரு கட்டுரையாவே எழுதினார். தன்னோட பழைய புத்தகத்தை இனிமே அச்சடிக்க வேண்டாம்னு பதிப்பாளர்கிட்ட அவரே கேட்டுக்கிட்டார். எழுதினவரே வாபஸ் வாங்கின கோடை நான் என் வீட்ல ப்ரொடக்‌ஷன்ல ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, அப்போ குட்டி ஏன் கடிக்குது? நமக்குக் கை மாதிரி அதுக்கு வாய். ஒரு பொருள் என்னன்னு பார்க்கிறது, கூப்பிடுறது, 'வா விளையாடலாம்'னு சொல்றது எல்லாமே வாயாலதான். அதுல 28 பால்பல்லு, ஒவ்வொண்ணும் ஊசி. மூணு, நாலு மாசத்துல அது விழ ஆரம்பிச்சு, ஆறேழு மாசத்துக்குள்ள 42 பெரிய பல்லு வந்துடும். நடுவுல ஈறு நமநமன்னு இருக்கும், எதையாவது கடிச்சே ஆகணும்.

இவ்வளவு கூரான பல்லைக் கொடுத்த இயற்கையே அதை அளவா பயன்படுத்த ஒரு பள்ளிக்கூடமும் வெச்சிருக்கு. கூடப் பிறந்த குட்டிங்கதான் அந்தப் பள்ளிக்கூடம். ஒண்ணு இன்னொண்ணைக் கொஞ்சம் அழுத்திக் கடிச்சா அது கத்திட்டு எழுந்து போயிடும். ஆட்டம் முடிஞ்சுது. தாய்கிட்ட பால் குடிக்கிறப்ப பல்லு பட்டா தாய் எழுந்து போயிடும். இப்படி நூறு தடவை நடந்தா, 'இவ்வளவு அழுத்தம் வரைக்கும் ஓகே, அதுக்கு மேல போனா ஆட்டம் நின்னுடும்'னு குட்டிக்குப் புரிஞ்சிடும். அதனாலதான் எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்கன்னு சொல்றாங்க. சுண்டல் அஞ்சாவது வாரத்துலயே ஸ்கூலை விட்டு நின்னவன். மிச்சப் பாடத்தை நாங்கதான் எடுத்திருக்கணும். நான் எடுத்தது வேற பாடம்.

நாய்ங்க தங்களுக்குள்ள விளையாடுறதைப் பார்த்திருக்கீங்களா? நான் ஒரு வாரம் காலையில அஞ்சரைக்கு பால்கனியில நின்னு எங்க தெரு நாய்ங்களைப் பார்த்தேன். பல்லைக் காட்டும், கழுத்தைக் கவ்வும், உருட்டும், பார்க்கிறவங்களுக்குக் கொலை நடக்கிற மாதிரி இருக்கும். ஆனா நடுநடுவுல ஒண்ணு முன்னங்கால் ரெண்டையும் தரையில நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நிக்கும். அதுக்கு அர்த்தம் 'இது விளையாட்டு'. கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெகாஃப் இதைப் பல வருஷம் ஆராய்ச்சி செஞ்சவர். தலையை உதறிக் கடிக்கிற மாதிரியான முரட்டு அசைவுக்கு முன்னாடியோ பின்னாடியோ இந்த வணக்கம் அதிகமா வருதுன்னு காட்டினார். நாம வாட்ஸ்அப்ல திட்டிட்டு ஒரு ஸ்மைலி போடுறோமே, கிட்டத்தட்ட அது. இன்னொண்ணும் கவனிச்சேன். பெரிய கறுப்பு நாய், பாதிகூட இல்லாத ஒரு குட்டிகிட்ட வேணும்னே மல்லாக்கப் படுத்துத் தோத்துப் போகுது. துரத்துறது யார், ஓடுறது யார்ங்கிறது மாறிக்கிட்டே இருக்கு. அஞ்சாறு விநாடிக்கு ஒருதரம் ஒரு சின்ன இடைவெளி, உடம்பை உதறிக்கும், மறுபடி ஆரம்பிக்கும்.

நான் சுண்டல்கூட ஆடினதுல இது எதுவுமே கிடையாது. எப்பவும் நான்தான் மேல, அவன்தான் கீழ. இடைவெளியே கிடையாது.

முரட்டு விளையாட்டா, நிஜமாவே கோபமா பயமான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? உடம்பைப் பாருங்க. விளையாட்டுல உடம்பு தொளதொளன்னு இருக்கும், வாய் திறந்து தளர்வா இருக்கும், தேவையில்லாம குதிக்கும். பிரச்சினையில உடம்பு விறைச்சுடும். வாய் மூடிக்கும். ஒரு கணம் அப்படியே உறைஞ்சு நிக்கும். தலை திரும்பாம கண்ணு மட்டும் திரும்பி வெள்ளை தெரியும். சாப்பாட்டுத் தட்டு, தூங்குற இடம், ஒரு எலும்புத் துண்டு, இந்த மாதிரி ஏதோ ஒண்ணைக் காவல் காத்து உறுமினா அது விளையாட்டே இல்லை. ரெண்டு நாய் ஆடுறப்ப சந்தேகம் வந்தா, மேல இருக்கிறதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு நிறுத்துங்க. கீழ இருந்தது திரும்ப வந்து வம்பிழுத்தா சரி, ஓடிப் போயிட்டா அது சகிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

ஒரு விஷயம் தயவுசெஞ்சு: உறுமுறதுக்குத் தண்டனை கொடுக்காதீங்க. உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடிச்சு நிறுத்தினா, அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாம நேரா கடி வரும். லாக்ஸை டெலீட் பண்ணிட்டு பக் போயிடுச்சுன்னு சொல்ற கதை.

இப்போ டாக்டர் எனக்குக் கொடுத்த வேலை. முதல்ல நான் எதிர்பார்த்தது 'கடிக்கக் கூடாது'ங்கிற ஒரே விதி. அவங்க வேற மாதிரி சொன்னாங்க. முதல்ல அழுத்தம் குறையணும், அப்புறம்தான் எண்ணிக்கை. இயான் டன்பார்னு ஒரு கால்நடை மருத்துவர் பல வருஷமா சொல்லிட்டு வர்ற வரிசை இது. என்னைக்காவது ஒருநாள் யாராவது தெரியாம அவன் வாலை மிதிப்பாங்க, அப்போ அவன் வாய் கண்டிப்பா திறக்கும். அன்னைக்கு அந்த வாய் மெதுவா மூடணும்னா, அழுத்தத்தை அளக்க அவனுக்கு இப்பவே தெரிஞ்சிருக்கணும். டன்பார் கடியை ஆறு நிலையாவும் பிரிச்சிருக்கார். பல்லே படாத மிரட்டல் ஒண்ணு, உயிர் போறது ஆறு. அம்மாவோட காயம் ரெண்டு. பல்லு குத்தி இறங்கலை, உரசிக் கிழிச்சிருக்கு. அம்மாகிட்ட இதைச் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டுன்னா உனக்குப் பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. டன்பாரோட கணக்குல நாய் எவ்வளவு அழுத்தினதுங்கிறதுதான் இருக்கு, கடி வாங்கினவங்களுக்குச் சர்க்கரை இருக்காங்கிறது இல்லை.

வேலை இதுதான். வெறும் கையால விளையாட்டு கிடையாது, எப்பவும் நடுவுல ஒரு பொம்மையோ கயிறோ இருக்கணும். பல்லு அழுத்திப் பட்டா, அந்த நொடியே ஆட்டம் நிக்கும். திட்டு இல்லை, தட்டு இல்லை. எழுந்து, குழந்தைங்க மாடிப்படிக்குப் போகாம இருக்கப் போடுவாங்களே, அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் முப்பது விநாடி நிக்கணும். திரும்பி வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆரம்பிக்கணும். அவன் அடங்கினதும் மறுபடி. குட்டி மாதிரி 'ஆ'ன்னு கத்துங்கன்னும் சிலர் சொல்வாங்க. சில குட்டிங்களுக்கு அது வேலை செய்யும். சுண்டலுக்கு அது விசில் அடிச்ச மாதிரி, இன்னும் பலமா பாய்ஞ்சான். ரெண்டு தடவை பார்த்துட்டு விட்டுட்டேன்.

மூணாவது நாள் நிலைமை மோசமாச்சு. முன்னாடியைவிட அதிகமா கடிக்கிறான். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆப் ஹேங் ஆனா நாம என்ன பண்றோம்? பட்டனை இன்னும் பத்து தடவை அமுக்குறோம். இவ்வளவு நாள் வேலை செஞ்ச பட்டன் திடீர்னு வேலை செய்யலைன்னா யாரா இருந்தாலும் இன்னும் பலமாத்தான் அமுக்குவாங்க. நிறைய வீட்ல முயற்சியைக் கைவிடுறது இந்த இடத்துலதான். நானும் விட்டிருப்பேன், மாசக் கடைசிங்கிற தேதி இல்லைன்னா.

ஆறாவது நாளும் குறையலை. அப்போதான் என் புத்திக்கு எட்டினதை செஞ்சேன்: ஸ்ப்ரெட்ஷீட். நேரம், யார், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, மெதுவா பலமா. ஃபிரிட்ஜ்ல அம்மாவோட ஊசிச் சீட்டுக்குப் பக்கத்துல ஒரு பேப்பர் ஒட்டி எல்லாரையும் எழுதச் சொல்லி, ராத்திரி நான் டைப் பண்ணுவேன். ஒரு வாரத்துல ரெண்டு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

ஒண்ணு, பலமான கடியில பெரும்பகுதி சாயங்காலம் ஏழுல இருந்து ஒன்பதுக்குள்ள. அந்த நேரத்துல அவன் ஹால்ல ரயில் மாதிரி ஓடுவான், சோபாவுல இருந்து குதிப்பான், எதைப் பார்த்தாலும் கவ்வுவான். எனர்ஜி ஜாஸ்தி, இன்னும் நடக்க வெக்கணும்னு நான் நினைச்சேன். நேர் எதிர். குட்டி நாய் ஒரு நாளைக்கு 18ல இருந்து 20 மணி நேரம் தூங்கணும். எங்க வீட்ல அவனை யாரும் தூங்க விட்டதே இல்லை. காலிங்பெல், கூரியர், மாமி, என்னோட மீட்டிங், அப்பாவோட டிவி. சாயங்காலம் ஆகும்போது அவன் தூக்கம் கெட்ட கைக்குழந்தை. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் முழிச்சிருந்தா, என் ரூம்ல ஜன்னல் ஸ்க்ரீனை இழுத்து விட்டு, ஃபேனைப் போட்டு, படுக்க வெச்சுடுவோம். நான் சுவரைப் பார்த்து கோட் எழுதுவேன், அவன் குறட்டை விடுவான். ஏழு மணிக் கச்சேரி நாலே நாள்ல பாதியாச்சு. எல்லாத்துலயும் பெரிய பலன் கொடுத்தது இதுதான், நான் கடைசியா யோசிச்சதும் இதுதான்.

ரெண்டாவது விஷயம், 'யார்'ங்கிற காலம். அம்மா பேரு இருக்கு, என் பேரு இருக்கு. அப்பா பேரு ஒரு தடவைகூட இல்லை.

காலையில ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா லுங்கி நுனியைத் தூக்கி ஆட்டுறார், சுண்டல் அதைக் கவ்வித் தொங்குறான், அப்பா அவனோட ஒரு சுத்து சுத்துறார். கையில பல்லு பட்டா, "ஏய் கள்ளா"ன்னு சிரிக்கிறார். என்னைப் பார்த்ததும் லுங்கியை இறக்கி விட்டுட்டு, "பாவம்மா, குழந்தை"ங்கிறார்.

பத்துல ஒருதரம் பட்டன் வேலை செஞ்சா போதும், அதை அமுக்குறதை யாருமே நிறுத்த மாட்டாங்க. லாட்டரியும் ரீல்ஸும் ஓடுறது அதே தத்துவத்துலதான். நாங்க ரெண்டு பேர் பண்ணினதை அப்பா தினம் அரைமணி நேரத்துல அழிச்சுக்கிட்டு இருந்தார். அம்மா தோசைக்கரண்டியோட வந்து கேட்டாங்க: "உங்களுக்கு அவன் வேணுமா வேண்டாமா?" அப்பா பதில் சொல்லலை. அப்பாவுக்கு ரிட்டையர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகுது. அந்த மொட்டை மாடி அரைமணி நேரம் அவருக்கு என்னன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது. அதைப் பிடுங்கினா திட்டம் தோத்துடும்.

அதனால பிடுங்கலை, மாத்தினோம். கயிறு இழுக்கிற ஆட்டம். கயிறு இழுத்தா நாய் முரடாயிடும்னு ஒரு பழைய பேச்சு உண்டு, டாக்டர் அதை ஒத்துக்கலை. விதியோட ஆடினா அடக்கம் கத்துக்க அதைவிட நல்ல ஆட்டம் இல்லைன்னாங்க. அப்பா 'எடு'ன்னு சொன்னாத்தான் கவ்வணும். 'விடு'ன்னா விடணும். விட்டா உடனே மறுபடி 'எடு', அதாவது விடுறதுக்குப் பரிசே ஆட்டம்தான். பல்லு கையில பட்டா கயிறு பரண் மேல போயிடும். முதல்ல 'விடு'ன்னா என்னன்னே தெரியாது, மூக்குக்கிட்ட ஒரு கடலையைக் காட்டினோம், வாய் தானா திறந்துச்சு. அப்பா பத்து நாள்ல அதைக் கச்சிதமா கொண்டு வந்துட்டார். முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல ஆள் மேய்ச்சவர்.

ஒரே ஒரு தப்பு. கயிறு கடையில வாங்காம, அப்பா தன்னோட பழைய லுங்கியைக் கிழிச்சு அழகா பின்னிக் கொடுத்தார். அதே துணி, அதே வாசனை. இன்னைக்கு வரைக்கும் சுண்டலைப் பொறுத்தவரை லுங்கிங்கிறது ஆட்டத்துக்கான அழைப்பிதழ். அந்த டிக்கெட் இன்னும் ஓப்பனாத்தான் இருக்கு.

முந்தானைக்கும் நைட்டிக்கும் வேற வழி. அசையுற துணி அவனுக்கு ஓடுற எலி மாதிரி. கத்துக் கொடுக்கிற வரைக்கும் அந்தச் சந்தர்ப்பமே அவனுக்கு அமையக் கூடாது. கோலம் போடுற நேரம் அவன் தடுப்புக்கு உள்ள, வாயில ஃப்ரீசர்ல வெச்ச கேரட், இல்லைன்னா நனைச்சு உறைய வெச்ச துணி முடிச்சு. ஈறு நமைச்சலுக்கும் அது ஆச்சு. வேக வெச்ச எலும்பு மட்டும் கொடுக்காதீங்க, சிலும்பு சிலும்பா உடைஞ்சு தொண்டையிலயும் குடல்லயும் குத்தும்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தோழி மெயில் பண்ணியிருந்தாங்க. ரெண்டு வயசு லேப்ரடார், ஆறு வயசுப் பொண்ணு மேல பாய்ஞ்சு கையைக் கவ்வுதாம். பொண்ணு கத்திக்கிட்டு ஓடினா இன்னும் துரத்துதாம். ஓடுறதும் கத்துறதும் நாய்க்கு ஆட்டத்தோட உச்சம்ங்க. பொண்ணுகிட்ட 'மரம்' விளையாட்டு சொல்லிக் கொடுங்க: நாய் பாய்ஞ்சா அப்படியே நிக்கணும், கை ரெண்டும் உடம்போட ஒட்டி, கண்ணு தரையில. அசையாத மரத்துகிட்ட நாய்க்கு ஒண்ணும் கிடைக்காது. ஆனா இது குழந்தையோட பொறுப்பு இல்லை. பெரியவங்க இல்லாம ரெண்டு பேரையும் ஒரே அறையில விடாதீங்க, எவ்வளவு சாதுவான நாயா இருந்தாலும். இவ்வளவு நாள் மெதுவா இருந்த நாய் திடீர்னு கடிக்க ஆரம்பிச்சிருந்தா, ட்ரெயினரைத் தேடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. காது வலி, பல் வலி, மூட்டு வலி எதுவா வேணும்னாலும் இருக்கும், அதுக்குச் சொல்லத் தெரியாது.

மாசக் கடைசிக்கு வரேன். முப்பதாம் தேதி ராத்திரி நான் லேப்டாப்பைத் திறந்து அம்மாகிட்ட கிராஃப் காட்டினேன். பலமான கடி முதல் வாரம் 19, நாலாவது வாரம் 3. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கூடப் பார்க்கலை. "அதை மூடு"ன்னாங்க. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில கோலம் போட அம்மா குனிஞ்சாங்க. தடுப்பு திறந்திருக்கு. அம்மாதான் திறந்து விட்டிருக்காங்க. சுண்டல் ஓடி வந்தான். முந்தானைக்கு ரெண்டடி முன்னாடி பிரேக் போட்டு நின்னான், திரும்பி ஓடினான், அந்த லுங்கிக் கயிறைக் கவ்விட்டு வந்து அம்மா முன்னாடி போட்டுட்டு உட்கார்ந்தான். எனக்கே தெரியாம மத்தியானத் தயிர்சாதத்துக்கு அம்மா தினமும் 'உட்காரு' சொல்லிக் கொடுத்திருக்காங்க. நான் மீட்டிங்ல இருக்கிற நேரமாப் பார்த்து.

அம்மா கோலமாவுக் கையோட கயிறோட ஒரு நுனியைப் பிடிச்சாங்க. "எடு"ன்னாங்க.

இருபத்தெட்டாம் நாள் ஊசிச் சீட்டு இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. பக்கத்துல இருந்த கடிப் பேப்பர்ல கடைசி வரி அம்மா கையெழுத்து: 'சாயங்காலம் 4.10. நான்தான் கால்ல மிதிச்சேன். வாயை வெச்சான், பல்லு படலை.'

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட்ல சுண்டல் இருக்க மாட்டான், யுபிஐ பணம் பாதியில மாட்டிக்கிட்டா பின்னாடி என்ன நடக்குதுன்னு பேசலாம். உங்க வீட்டு நாய் எந்த நேரத்துல கடிக்குதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, நான் நிஜமாவே படிப்பேன். பார்க்கலாம்.